இதர பணிகள்

கடலூர் ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதி அனுப்பியது ஒரே வரி:
"லேசான வேலை மட்டும் தரவும்."
கீழே முத்திரை, அதன் மேல் பேனா கசிந்த நீலம்.

லேசு என்றால் எத்தனை கிலோ?
என் மேசையில் இருக்கும் படிவம் கேட்கிறது.
எத்தனை முறை குனிவார், எவ்வளவு நேரம் நிற்பார்,
தோளுக்கு மேலே கை போகுமா,
போனால் எதைத் தூக்கிக்கொண்டு.
பதிலுக்கு விட்டிருக்கும் இடம் நாலு கோடு.

பழைய கோப்பில் கலிவரதனுக்கு
ஒன்பது வருஷமாக ஒரு சொல்தான்: ஹெல்ப்பர்.
அதை ஒட்டி, "மற்றும் இதர பணிகள்".

"அதையே காப்பி பண்ணிடுங்க" என்றார் இருதயராஜ்.
ஷிப்டு சூப்பர்வைசர், கெட்டவர் இல்லை.
டேங்கர் வாசலில் நின்றுவிட்டால் மட்டும்
அவர் குரல் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பி பிளாக்குக்குப் போனேன்.
உப்பனாற்றுப் பக்கம் காற்று திரும்பும்வரை கண் எரிந்தது.
அவர் இடத்தில் இப்போது ஒரு காண்ட்ராக்ட் பையன்.
பெயர் கேட்டேன், சொன்னான், மிஷின் தின்றுவிட்டது.
அவனை வைத்து எண்ணினேன்:
சோடா ஆஷ் மூட்டை, இருபத்தைந்து கிலோ,
தரையிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து தோள்,
தோளிலிருந்து ரியாக்டர் வாய்.
மணிக்கு முப்பத்தெட்டு.
பெருக்கிப் பார்த்தேன், ஒரு டன்னுக்கு ஐம்பது கிலோ குறைவு.
இரும்புப் படி பதினேழு. ஆறாவது ஆடுகிறது.
வால்வு சக்கரம் திருக
இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும்.
காலை நான் எதிர்பார்க்கவில்லை.
படிவத்தில் காலுக்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை வந்தார்,
செம்மண்டலத்திலிருந்து மச்சான் வண்டியில்,
முதுநகர் நெரிசலில் ஒவ்வொரு பள்ளத்தையும் தோளில் வாங்கிக்கொண்டு.
வாசித்துக் காட்டினேன்.
வரிக்கு வரி தலையாட்டினார்,
தன் மேல் வந்த புகாரைக் கேட்பவர்போல.
முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்:
"நான் விழுந்த வேலை இதுல இல்லைங்களே மேடம்."

கூரைத் தகட்டில் அடைத்த இலையை எடுக்க
மழையில் ஏணி ஏறியிருக்கிறார்.
யாரோ சொன்னார்கள், யாரென்று நினைவில்லை.
விபத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்.
செய்த பணி என்ற இடத்தில்: இதர.

ஆக, பதினோரு வாரம்
அவரை ஒருக்களித்துப் படுக்கவிடாமல் செய்தது
அந்தச் சொல்.

கோடு போட்டு அடித்தேன்.
அடிக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று
மறுநாள்தான் பயம் வந்தது.
எழுதினேன்:
கேட் அருகே உட்கார்ந்து லாரி எண் குறிக்கலாம், இடது கையால்.
ஐந்து கிலோவுக்கு மேல் இல்லை.
ஏணி இல்லை. யார் சொன்னாலும் இல்லை.
"யார் சொன்னாலும்" படிவத்து மொழி அல்ல, தெரியும்.

இடது கையால் கையெழுத்துப் போட்டார்.
கலி மட்டும் கோட்டின் மேல் நின்றது,
வரதன் சறுக்கிக் கீழே இறங்கிப் போனார்.
சம்பளப் பிரிவு திருப்பி அனுப்பியது: பொருந்தவில்லை.
பதில் குறிப்பு வைத்தேன்:
பொருந்தாது, தோள் பொருந்தும் வரை.

வியாழன், பதினொன்று இருபது.
ஜன்னலில் பார்க்கிறேன்.
கேட்டில் ஒரு லாரி, டிரைவர் ஹாரனை விடவில்லை,
தடுப்புக் கட்டை பாதியில் சிக்கி நிற்கிறது.
கலிவரதன் நாற்காலியை விட்டு எழுகிறார்.
சுற்றுமுற்றும் பார்க்கிறார்.
நல்ல தோளைக் கட்டைக்குக் கீழே கொடுக்கிறார்.

யாரும் சொல்லவில்லை.
"யார் சொன்னாலும்" என்றுதானே எழுதியிருந்தேன்.
பேனாவை மூடாமல் ஓடுகிறேன்.